வலப்பக்கத்து ஸ்பீக்கர்

எனக்கு நல்ல காது என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மலேசியாவில், மலாக்கா பக்கம் செங் தொழிற்பேட்டையில் ஓர் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் டெக்னீஷியன் வேலை. அலோர் காஜா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்துபோன பிறகு, அக்காவும் நானும் தோட்டத்து வீட்டைக் காலிசெய்துவிட்டு, ஃபேக்டரிக்குப் பக்கத்துக் குடியிருப்பில், தாமான் என்போம், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு சின்ன தெரசு வீட்டுக்கு வந்திருந்தோம். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நான் படித்து முடிக்கட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். நான் படித்து முடித்தபோது அவளைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. ஹாலில் ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு தாமான் பெண்களுக்கு ரவிக்கையும் பஞ்சாபி சூட்டும் தைத்துக் கொடுத்தாள். நான் என்ன செய்தேன் என்றால், வேலை நிரந்தரமானதும் ஹோம் தியேட்டர் வைக்கக் கிளம்பினேன்.

அந்த வார்த்தையே அப்போது புதுசு. ஃபேக்டரியில் என்னோடு வேலை செய்த சீன நண்பன் ஒருவன் தன் வீட்டில் லேசர் டிஸ்க்கில் ஒரு படம் போட்டுக் காட்டினான். டிஸ்க் தோசைக்கல் அகலம் இருந்தது. ஹெலிகாப்டர் ஒன்று என் பிடரிக்குப் பின்னாலிருந்து கிளம்பி, தலைக்கு மேலே கடந்து, டிவிக்குள் போனது. நான் நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம்.

மலாக்கா டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் நல்ல ஸ்பீக்கர் விற்கும் கடை இருந்தது. கடைக்காரர் ஒல்லியான சீனர். ஜப்பான் சிலிப்பரும் அரைக்கால் சட்டையுமாக இருப்பார். பார்த்தால் பழக்கடைக்காரர் என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் கேட்கும் அறைக்குள் யாராவது வாயைத் திறந்தால் உடனே பாட்டை நிறுத்திவிடுவார். ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து அந்த மாடிப்படி ஏறினேன். கையில் எப்போதும் மூன்று டிஸ்க்குகள்: நாதஸ்வரமும் தவிலும் ஒன்று, தம்பூராவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண் பாடியது ஒன்று, குண்டு வெடிக்கிற சண்டைப் படம் ஒன்று. ஒரே இடத்தை ஒவ்வொரு பெட்டியிலும் போட்டுக் கேட்பேன். கடைக்காரர் சலித்துக்கொள்ளவே இல்லை. அவருக்கும் இதே வியாதி.

முதலில் ஆசைப்பட்ட ஜோடி முதல் பத்து நிமிடத்துக்கு ஆளையே மயக்கியது. எல்லாம் பளிச்சென்று கேட்டது. அரைமணி நேரத்தில் பல் கூசியது. அடுத்த ஜோடியில் அந்தப் பெண் போர்வைக்குள்ளிருந்து பாடினாள். ஆறாவது ஞாயிறு மூன்றாவது ஜோடியை எடுத்து வைத்தார். என் மார்பு உயரம், கறுத்த மர நிறம், ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு பேர் வேண்டும். அந்தப் பெண் பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் மூச்சை இழுத்தது கேட்டது. எங்கே நிற்கிறாள் என்று கையை நீட்டிக் காட்டிவிடலாம். தவில்காரர் தொப்பிப் பக்கத்தில் போட்ட அடி என் வயிற்றில் வந்து விழுந்தது.

இந்த அடி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கடைக்காரர் பெட்டியைத் திருப்பி அதன் முதுகைக் காட்டினார். மேல்பக்கத்தில் ஒரு கிண்ணத்து வாய் அளவுக்கு வட்டமான துளை. சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்துப் பற்றவைத்து அதற்கு முன்னால் பிடித்தார். தவிலின் ஓர் அடிக்குத் தீ சாய்ந்தது. அடுத்த அடிக்கு அணைந்தே போனது. "அங்கின்," என்றார் மலாயில். காற்று. பெட்டி மூச்சு விடுகிற வழி அது, அடைக்கவும் கூடாது, சுவரோடு ஒட்டி வைக்கவும் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். வித்தை பார்த்த மாதிரி நான் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஞாயிறே வாங்கிவிட்டேன். விலையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, அது வேறு வெட்கம்.

வாங்குவது பாதி வேலைதான். வைக்கிற இடம் சரியில்லை என்றால் எப்பேர்ப்பட்ட ஸ்பீக்கரும் தண்டம். எங்கள் ஹாலோ அகலம் பத்தாத ஹால். சுவர், தரை எல்லாம் சிமெண்ட், கை தட்டினால் கிணற்றுக்குள் தட்டியது போல் திரும்பி வரும். தடித்த திரைச்சீலை வேண்டுமென்றேன், அக்கா தைத்துக் கொடுத்தாள். அதிர்கிற பொருள்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தேன். ஷோகேஸ் கண்ணாடிக்கு இடுக்கில் பஞ்சு வைத்தேன். அப்புறமும் எங்கோ ஒரு சிணுங்கல். பார்த்தால் தையல் மெஷின் மேலிருந்த பித்தான் டின். டின்னை மட்டும் எடுத்திருந்தால் போதும்; நான் மெஷினையே தூக்கிப் பின்னறையில் போட்டேன், அந்த ஜன்னலோரம் எனக்கு வேண்டியிருந்ததால். அக்கா பின்னறையில் பகலிலும் லைட் போட்டுக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். "பரவால்லலா, இங்க காத்து வருது," என்றாள். அந்த அறையில் காற்று வராது.

பெட்டிகளை ஒவ்வோர் இஞ்சாக நகர்த்தி நகர்த்திக் கேட்டேன். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தவள் அக்காதான். என் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, அவள் மூக்கு நுனியிலிருந்து இரண்டு பெட்டிக்கும் தூரம் அளந்தேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கை ஆட்டினாள். நான் எரிந்து விழுந்தேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை, இரண்டு பெட்டிகளையும் உட்பக்கமாக, நாற்காலியைப் பார்க்கும்படி திருப்பியபோது, திடீரென்று எல்லாம் கூடி வந்தது. சுவர் மறைந்துபோய், அந்தப் பெண் எங்கள் ஹாலின் நடுவில் நின்று பாடினாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தரையில் டேப் ஒட்டி இடத்தைக் குறித்தேன்.

அதில்தான் வந்தது வினை. வலப்பக்க மூலையில் சாமி மேடை இருந்தது. சுவரில் அடித்த மர அலமாரி, கிழக்குப் பார்த்தது, வீடு குடிவந்த அன்றைக்கு ஐயர் வந்து இடம் சொல்லி வைத்தது. அதை அசைப்பது பற்றிப் பேச்சே எடுக்க முடியாது. கீழ்ப்பலகையில் தோட்டத்து வீட்டிலிருந்து நாங்கள் கொண்டுவந்த அம்மாவின் காமாட்சி விளக்கு. அக்கா தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு முகம் கழுவி, திருநீறு பூசி அதை ஏற்றுவாள். நான் வலப்பக்கத்து ஸ்பீக்கரை உட்பக்கம் திருப்பியதும், அதன் முதுகு நேராக அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அக்கா பார்த்த உடனே சொன்னாள். "தம்பி, சாமிக்கு முதுக காட்டிக்கிட்டு நிக்குதுலா இது. கொஞ்சம் நேரா திருப்பி வையேன்."

"ஒனக்கு என்னா தெரியும் இதப் பத்தி? ரெண்டு இஞ்சு திருப்புனா எல்லாம் போச்சு. மூணு மாசமா உசுர குடுத்து வச்சிருக்கேன்."

"இல்லடா, நல்லா இல்லன்னு…"

"நீ போய் ஒன் தையல பாரு."

இப்படித்தான் பேசினேன். என்னை வளர்த்தவளிடம். எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு வந்ததுதான் வார்த்தை. அக்கா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து, வேலை முடிந்து வந்து சண்டைப் படத்தைப் போட்டேன். அக்கா விளக்கை ஏற்றிவிட்டுச் சமையலறைக்குப் போயிருந்தாள். பாலம் வெடித்துச் சிதறுகிற காட்சி. வெடித்த அதே நொடி, ஓரக்கண்ணில் விளக்கு அணைந்தது. திரியிலிருந்து மெல்லிசாகப் புகை எழுந்தது. துளைக்கும் விளக்குக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, லைட்டரைப் பார்த்தவன் நான். தெரிந்தும், எழுந்து ஏற்றக்கூட இல்லை. காட்சி முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அக்கா வந்து பார்த்துவிட்டு, "காத்து எங்கேருந்து வருது?" என்று ஜன்னல் கண்ணாடிகளை இறக்கி மூடினாள். மறுபடி ஏற்றினாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் என்ன கேட்பாள் என்று தெரியும்: கொஞ்சம் திருப்பி வை என்பாள். அதைத்தான் முதல் நாளே கேட்டாள். அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும். இவ்வளவுதான் விஷயம். இதைப் பெரிதாக அலசுவதற்கு ஒன்றுமில்லை. நான் தோற்க விரும்பவில்லை.

அந்த வாரம் இரண்டு முறை, அடுத்த வாரம் மூன்று முறை விளக்கு அணைந்தது. முதலில் அக்காவுக்கு எண்ணெய் மேல் சந்தேகம். கடைக்காரர் கலப்பட நல்லெண்ணெய் கொடுத்துவிட்டார் என்று பாட்டிலைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை போட்டாள். அந்த மனிதர் பாவம், வேறு பாட்டில் கொடுத்தனுப்பினார். பிறகு திரி. பஞ்சை வாங்கி வந்து பின்னறையில் உட்கார்ந்து தானே திரித்தாள். பிறகு விளக்கையே புளி போட்டுத் தேய்த்துப் பொன்னாக்கினாள். எல்லாம் என் கண்ணெதிரில் நடந்தது. நான் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு விஷயம் போனது. அவர் எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் தாமானில் எந்த வீட்டு நல்லது கெட்டதும் அவர் வாயைத் தாண்டாமல் நடக்காது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் சொன்னது எனக்கு ஹாலில் கேட்டது. "சும்மா எரியுற வெளக்கு தானா அணையுதுன்னா சும்மாவாலா? வீட்டு ஆம்பளைக்கு ஆவாதும்மா. இந்தப் பய வேற மோட்டார் சைக்கிள்ல பறக்குறான்." அன்று சாயங்காலம் நான் வெளியே கிளம்பியபோது அக்கா வாசல்வரை வந்து, மெதுவா போ, மெதுவா போ என்று இரண்டு முறை சொன்னாள்.

தீபாவளி முடிந்து ஒரு ஞாயிறு, அந்தச் சீன நண்பன் கோலா சுங்கை பாருவில் தன் அண்ணன் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டான். அங்கேயும் ஸ்பீக்கர் வாங்கிவிட்டார்கள், வைக்கிற இடத்தை நான் வந்து சொல்ல வேண்டுமாம். அதற்குள் இந்த வட்டாரத்தில் எனக்கு அப்படி ஒரு பேர். கடலோரத்து வீடு, கருவாட்டு வாசனை, நான் நாடாவும் கையுமாகப் பெரிய மனுஷன் மாதிரி உத்தரவு போட்டேன். திரும்பி வரும்போது மணல் லாரி சிந்திவிட்டுப் போன மணலில் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. பெரிதாக ஒன்றுமில்லை. முழங்கையும் முட்டியும் சிராய்த்தன, கால்சட்டை கிழிந்தது.

வீட்டு கேட்டைத் திறந்ததும் அக்கா ரத்தத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. முதல் நாள் சாயங்காலமும் விளக்கு அணைந்திருந்தது. நேரே சாமி மேடைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அப்புறம் வந்து மஞ்சள் மருந்தும் பஞ்சும் எடுத்து என் முழங்கையைத் துடைக்க உட்கார்ந்தாள்.

"மாசி மகத்துக்கு செங் கோயில்ல முடி எறக்குறேன்னு வேண்டிக்கிட்டேன்," என்றாள்.

"யாருக்கு, எனக்கா?"

"எனக்குத்தான்லா. ஒனக்குப் பொண்ணு பாக்கணும், ஒன்னய மொட்ட அடிக்க சொல்லுவனா?"

"முழுசாவா?"

"அர மொட்ட எங்கயாச்சும் பாத்திருக்கியா நீ?" சிரித்தாள். கண்ணில் நீர் நின்றது.

அக்காவின் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடுப்புக்குக் கீழே வரும். மெஷின் சக்கரத்தில் மாட்டாமலிருக்கப் பின்னலின் நுனியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் தைப்பாள். வெள்ளிக்கிழமை சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டுப் பின்வாசலில் விரித்துப் போட்டு உட்கார்ந்தால் காய்வதற்கு மதியமாகிவிடும். தோட்டத்தில் இருந்தபோது அவளைப் பெண் பார்க்க வந்த இரண்டு மூன்று குடும்பங்களும் முடியைத்தான் புகழ்ந்தார்கள். புகழ்ந்து, வடை தின்று, போனவர்கள் திரும்பி வரவில்லை. நகை என்று அவளிடம் பெரிதாக எதுவும் இல்லை. கண்ணாடி முன்னால் அவள் நின்றதெல்லாம் அந்தப் பின்னலுக்காக மட்டும்தான்.

அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அக்கா, அது ஸ்பீக்கர் காற்று. நாலே வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. இப்போது சொன்னால் இத்தனை வாரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே, எண்ணெய்க் கடைக்காரரிடம் சண்டை போட்டதை வேடிக்கை பார்த்தாயா என்று கேட்பாளே என்ற பயத்தில் விழுங்கிவிட்டேன். "காயம் சின்னதுதான்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது, என் காலுறை ஒன்றைச் சுருட்டி வலப்பக்கத்து ஸ்பீக்கரின் துளைக்குள் திணித்தேன். விளக்கு அணையாவிட்டால் அவள் பயம் தீரும், பயம் தீர்ந்தால் வேண்டுதலை மறந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். எங்கள் ஆட்களிடம் பிறந்து வளர்ந்தவன் போட்ட கணக்கா இது? விளக்கு அணையவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். அக்காவின் முகம் தெளிந்தது. வேலியோரம் பெரியம்மாவிடம் சொன்னாள்: "பாத்தீங்களா பெரிம்மா, வேண்டிக்கிட்ட மறுநாளே நின்னுடுச்சு. சாமி கேட்டுக்கிட்டாரு." கேட்டுக்கொண்ட சாமிக்குக் கொடுக்காமலிருக்க முடியுமா? அதுவரை அவள் பயத்தில் சொன்ன வார்த்தையாக இருந்ததை, நான் அந்தக் காலுறையால் முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்துப் பிரயோஜனமில்லை. துளையை அடைத்ததும் தவில் சப்பென்று ஆகிவிட்டது. அக்கா தலைமுடியை இழக்கப்போகிறாள் என்று தெரிந்தும், தவில் சப்பென்று ஆனது எனக்குக் குறையாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவள் கோயிலுக்குப் போனதும் காலுறையை உருவிவிட்டுத் தவில் டிஸ்க்கைப் போட்டுக் கேட்பேன். அவள் திரும்பி வருமுன் விளக்கைச் சரிபார்த்து, மறுபடி திணித்து வைப்பேன். பெட்டியை ஒரு சாண் திருப்பியிருந்தால் இவ்வளவும் வேண்டியதில்லை. டேப் ஒட்டிய இடத்தை விட்டு அதை நகர்த்த எனக்கு மனம் வரவில்லை.

மாசி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. குறுக்கு வழி ஒன்று யோசித்தேன். "பொம்பளைங்க நுனியில மூணு கத்தரி வெட்டி பூமுடி குடுத்தா போதும்லாக்கா, சாமி ஏத்துக்கும்," என்றேன்.

"சொன்னது ஒண்ணு, குடுக்கறது ஒண்ணா? ஒன் உசுர வச்சுப் பேரம் பேசச் சொல்றியா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் அவள் முடிக்காக வருத்தப்படுகிறேன் என்று நினைத்து என் தலையைத் தடவிவிட்டாள்.

மாசி மகத் திருவிழா அன்று காலை செங் கோயிலில் காவடிக் கூட்டம், பால்குடக் கூட்டம், வெயில். முடி இறக்குகிற கொட்டகையில் அக்கா மணைப்பலகையில் உட்கார்ந்தாள். அவளுடைய சிலிப்பரையும் பையையும் நான் பிடித்துக்கொண்டு நின்றேன். நாவிதர் முடியை நனைத்து, இரண்டாகப் பிரித்து முடிச்சுப் போட்டார். எவ்வளவு முடி என்று பக்கத்துப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். கத்தி உச்சந்தலையில் வைக்கப்பட்டபோது என் வாய் தானாகத் திறந்தது. "அக்கா," என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. நாவிதர் கையை நிறுத்தினார். அக்கா குனிந்த தலையோடு கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள்.

"பயப்படாதலா. வலிக்காது," என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். கத்தி இறங்கியது. முடி மடியில் விழுந்ததும் அவள் அதை ஒரு முறை தொட்டுப் பார்த்தாள், அப்புறம் தானே எடுத்துக் கொடுத்தாள்.

சந்தனம் பூசிய தலையோடு அவள் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உண்மையான தண்டனை ஆரம்பித்தது. அவள் அழவில்லை, வெட்கப்படவில்லை. சந்தோஷமாக இருந்தாள். வெறுந்தலையோடு கடைக்குப் போனாள், பசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போனாள். ரவிக்கை வாங்க வந்தவர்கள் திடுக்கிட்டுப் பார்த்தால், "தம்பிக்காக. பெரிய கண்டத்துலேருந்து தப்பிச்சான்," என்று நிமிர்ந்து சொன்னாள். மண்டையில் காற்றுப் படுவது ஜில்லென்று இருக்கிறது என்று தடவிக் காட்டிச் சிரித்தாள். என்னைவிட்டால் அவளுக்கு இந்த உலகத்தில் செய்து காட்ட வேறு ஆள் இல்லை, செய்து காட்டிவிட்டாள். பெரியம்மா என் தோளைப் பிடித்து, "இப்படி ஒரு அக்கா கெடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும்டா," என்றார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

நான்காம் நாள் சாயங்காலம் விளக்கை ஏற்றிவிட்டு அக்கா ஹாலில் வந்து உட்கார்ந்தாள். நான் டிவியைக்கூடப் போடாமல் இருந்தேன்.

"என்னா, படம் போடலியா? சத்தமா போடு தம்பி. இனிமே ஒண்ணும் ஆவாது," என்றாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வார்த்தையால் சொல்ல வரவில்லை. எழுந்துபோய் வலப்பக்கத்து ஸ்பீக்கரின் முதுகிலிருந்து காலுறையை உருவினேன். சண்டைப் படத்தில் பாலம் வெடிக்கிற இடத்தைத் தேடிப் போட்டேன். பாலம் வெடித்தது. விளக்கு அணைந்தது.

அக்கா விளக்கைப் பார்த்தாள். என் கையிலிருந்த காலுறையைப் பார்த்தாள். எழுந்து வந்து துளைக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். அடுத்த வெடிக்குக் கையை இழுத்துக்கொண்டாள். நான் எம்ப்ளிஃபையரை அணைத்தேன்.

"எப்பலேருந்து தெரியும்?"

"மொத நாளே தெரியும்க்கா."

அவள் தீப்பெட்டியை எடுத்து விளக்கை மறுபடி ஏற்றினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தலையில் சந்தனம் காய்ந்து செதில் செதிலாக உதிர ஆரம்பித்திருந்தது. திட்டுவாள், காலுறையைப் பிடுங்கி என் முகத்தில் எறிவாள் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இத மாசிக்கு முன்ன சொல்லிருக்கணும் தம்பி," என்றாள். "இல்லன்னா சொல்லவே கூடாது."

அப்புறம் சமையலறைக்குப் போய்ச் சோறு போட்டு வைத்தாள். அவள் உள்ளே இருந்தபோது, நான் பெட்டியைக் கட்டிப்பிடித்து ஒரு சாண் திருப்பினேன். காலுறை இல்லாமலே போட்டுப் பார்த்தேன். விளக்கு அசையவில்லை. தம்பூராவோடு பாடிய பெண்ணைப் போட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டேன். அதே மூச்சு, அதே இடத்தில் நின்றாள். என்ன வித்தியாசம் என்று என் நல்ல காதால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் சுமையை இறக்கி வைத்துவிட்டேன், அவள் தலைமேல். சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் உண்மையைச் சொன்னதும் என் நிம்மதிக்காகத்தான்.

மறுநாள் காலை பசியாறுவதற்கு ரொட்டி வாங்கக் கிளம்பிய அக்கா, கேட்டுவரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். பின்னறையில் தைத்து மிஞ்சிய துணிகளில் ஒன்றை எடுத்துத் தலையைச் சுற்றி, காதுவரை இழுத்துக் கட்டிக்கொண்டாள். முடி தோளைத் தொடும்வரை அந்தத் துணி இல்லாமல் அவள் வாசல் தாண்டவில்லை. யாருக்கு வேண்டுதல் என்று யாராவது கேட்டால், "சும்மாதான்," என்றாள்.